எண்ணூற்று நாற்பது மணித்தியாலம்

மிஸி எங்கள் ஐஸ் ஆலைக்கு முதன்முதலாக வந்து கேட்டது இதைத்தான்:

"தம்பி, ஒரு ஆளை முப்பத்தஞ்சு நாளைக்கு நித்திரையாக்க வேணும். உங்கட குளிர் அறையில இடமிருக்கா?"

நான் அப்போது திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய அந்த ஆலையில் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குறிஞ்சாக்கேணியிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். அது மார்கழி மாதம். வாடைக்காற்றில் கடல் பொங்கிக் கிடந்தது; படகுகள் இறங்கவில்லை. ஐஸ் கேட்டு வருவாரில்லை. மீன் வைக்கும் குளிர் அறையில் பழைய சூரைமீன் பெட்டிகள் நாலைந்து மட்டும் கிடந்தன.

"என்ன ஆள், மிஸி?" என்று கேட்டேன்.

"மரம்தான். பயப்படாதையுங்கோ."

ஆஸ்பத்திரித் தாதிமாரை எங்கள் பக்கம் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். எத்தனையோ மிஸிமார் இருந்தாலும், வேறு அடையாளம் சொல்லாமல் மிஸி என்றால் அது இவரைத்தான் குறிக்கும். பென்சன் எடுத்துப் பாலையூற்றில் தனியாக இருந்தார். மெலிந்த உடம்பு. பருத்திச் சேலைக்குக் கீழே வார்ட்டில் போட்ட வெள்ளைச் சப்பாத்தையே இன்னும் போட்டிருந்தார். கண் இமைகள் கறுத்துத் தடித்திருக்கும். அவர் கொட்டாவி விட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை. பெயரும் எனக்குக் கடைசிவரை தெரியாது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். மரமென்றதும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "அவ கேட்டா குடு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கட உம்மாக்கு இடுப்பு உடைஞ்சு கிடக்கக்குள்ள ஒரு கிழமை கண் மூடேல்ல. இவதான் வந்து நித்திரையாக்கினா. பத்து மணித்தியாலம் எண்டு சொன்னா. சரியாப் பத்தாவது மணிக்கு உம்மா கண் முழிச்சு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போச்சு," என்றார்.

மிஸியின் வழக்கம் அதுதான். நித்திரை வராதவரின் பக்கத்தில் இருப்பார். இரண்டு விரலைப் புருவங்களுக்கு நடுவில் வைப்பார். குனிந்து காதுக்குள் ஒரு எண் சொல்லுவார். அவ்வளவுதான். ஆறு என்றால் ஆறு மணித்தியாலம், பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. டொக்டர்மார் முதலில் பகிடி பண்ணினார்களாம். பிறகு மருந்துக்கு அடங்காத நோயாளிகள் இருந்தால் அவர்களே "மிஸியைக் கூப்பிடுங்கோ" என்றார்களாம். அவருடைய வார்ட்டில் நித்திரையாகிப் பிறகு எழும்பாதவர்களும் இருந்தார்கள். ஆஸ்பத்திரியென்றால் அப்படியும் நடக்கும்தானே. ஆனால் ஊர் அதைத்தான் அதிகம் கதைத்தது.

அவரோடு ஒரே பஸ்ஸில் கிண்ணியா வரை போயிருக்கிறேன். சனம் நெருக்கி நின்ற பஸ். சீனக்குடா தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். இருந்தவர்கள் அத்தனை பேரும் தலை சாய்த்து நித்திரை. கம்பியைப் பிடித்தபடி நின்றவர்களும் கண் சொருகி ஆடிக்கொண்டிருந்தார்கள். கொண்டக்டர் ரிக்கற் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாய் திறந்து கிடந்தான். மிஸி மட்டும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் களைப்பு," என்றார் என்னிடம். ட்ரைவரை எட்டிப் பார்த்தேன். அவன் முழித்திருந்தான். அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

மரம் ஒரு சின்ன லொறியில் வந்தது. நீலப் பீப்பாயைப் பாதியாக வெட்டி அதில் நட்டிருந்தார். என் நெஞ்சு உயரம். ஒரு இலைகூட இல்லை. எல்லாவற்றையும் அவரே ஒவ்வொன்றாகக் கையால் உருவியிருந்தார். விரலை முகர்ந்து பார்க்கச் சொன்னார். கசப்பு வாதுமை மணம் அடித்தது.

"இது நெக்டரின், தம்பி. பீச் பழம் தெரியும்தானே? அதின்ர சாதிதான். பீச்சுக்குத் தோலில பூனைமயிர் இருக்கும், இதுக்கு இல்லை. மஞ்சள் சதைக்காரரும் இருக்கினம். இது வெள்ளைச் சதை."

இளம் வயதில் வெலிமடைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்திருக்கிறார். அங்கே துரை பங்களாவின் பின்வளவில் இந்த மரம் நின்றது. முப்பது வருசத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தபோதும் நின்றதாம். ஒரு பீச் கன்றைச் சட்டியோடு வாங்கி, இந்த மரத்தின் குச்சிகளைத் தடுப்பூசி கொண்டுபோகும் குளிர்ப்பெட்டிக்குள் ஐஸோடு வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு திருகோணமலை வந்தார். ஆஸ்பத்திரி பிளேட்டால் வெட்டி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் சுற்றி ஒட்டுக் கட்டினார். பிடித்துக்கொண்டது.

மூன்று வருசம் மரம் வளர்ந்தது. இலை விட்டது. பூக்கவில்லை.

"ஏன் எண்டு தெரியுமா?" என்று கேட்டார். "இதுக்கு இங்க நித்திரையில்லை. குளிர் வந்தால்தான் இது கண் மூடும். எண்ணூத்தி நாப்பது மணித்தியாலம் நித்திரை கொண்டால்தான் பூ மொட்டு முழிக்கும். எங்கட ஊர் வெக்கையில பாவம், வருசம் முழுக்க முழிச்சுக்கொண்டு நிக்குது. நானும் விரலை வைச்சுப் பாத்தனான். எனக்கு ஏலாமப் போன ஒரே ஆள் இதுதான்."

குளிர் அறையின் மூலையில் மரத்தை நிறுத்தினோம். தான் கொண்டுவந்த வெள்ளை ஆஸ்பத்திரிப் போர்வையை உச்சியிலிருந்து அடிவரை மூடினார். குனிந்து ஒரு கிளைக்குப் பக்கத்தில் வாய் வைத்து ஏதோ சொன்னார். அறைக்குள் நாலு பாகை குளிர். எங்களுக்கு வாயிலிருந்து புகை வந்தது. அவர் பேசும்போது அவருடைய வாயிலிருந்து புகை வரவில்லை என்று எங்களோடு வேலை செய்த றவூப் காக்கா பிறகு என்னிடம் சொன்னார். நான் கவனிக்கவில்லை.

மிஸி ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு வருவார். ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கால் மணித்தியாலம் நிற்பார். நாடி பார்ப்பதுபோல ஒரு குச்சியை விரல்களுக்குள் பிடித்திருப்பார். மண்ணைத் தொட்டுப் பார்த்து ஒரு கோப்பை தண்ணீர் விடுவார். எங்களில் யாரும் சத்தமாகக் கதைக்கக்கூடாது.

இரண்டு கிழமை போனதும் வேலைக்காரருக்கு அந்த அறைக்குள் போகவே மனமில்லாமல் போனது. லைற்றைப் போட்டால் மூலையில் ஒரு ஆள் செத்தவருக்குப் போர்த்தும் மையத்துத் துணி போர்த்தி நிற்பதுபோல இருக்கும். ஒருவன் அது மூச்சு விடுகிறது என்றான். குளிரூட்டியின் விசிறி சுற்றும் காற்றில் போர்வை அசைகிறது என்று நான் விளங்கப்படுத்தினேன். விசிறி நின்ற நேரத்திலும் அசைந்ததை நான் கண்டிருந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

றவூப் காக்கா எங்களில் மூத்தவர். சுனாமியில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர். அதற்குப் பிறகு ஒரு இரவும் சரியாகத் தூங்கியதில்லை என்று அவருடைய மனைவி சொல்லுவார். ஒருநாள் மத்தியானம் பெட்டிகளை ஒதுக்கி வைக்க உள்ளே போனவர் வரவில்லை. நான் சோறு தின்று கை கழுவிய பிறகுதான் யோசனை வந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பீப்பாயில் முதுகு சாய்த்து, போர்வையின் தொங்கலைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். உதடு நீலம். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அப்படியொரு முகத்தை அவரிடம் அதற்கு முதல் நான் கண்டதில்லை.

இரண்டு பேராக இழுத்து வெளியே கொண்டுவந்து வெயிலில் போட்டுக் கால் கையைத் தேய்த்தோம். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தார்.

"ஏண்டா எழுப்பினீங்க?" என்றார். அழுதார்.

"உள்ள ஏன் காக்கா இருந்தீங்க?"

"நான் இருக்கேல்ல. காதுக்குள்ள ஒரு சத்தம் வந்திச்சு. எண்ணூத்தி நாப்பது எண்டு. பொறகு ஒண்டும் தெரியா."

மரத்தின் கணக்கு எனக்கும் முதலாளிக்கும் மட்டும்தான் தெரியும். நாங்கள் காக்காவிடம் சொன்னதில்லை. மிஸியும் அன்றைக்குப் பத்து மணிக்கே வந்து போய்விட்டிருந்தார்.

மறுநாள் அவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. முதலில் காக்காவைக் கூப்பிட்டு நாடி பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்தார்.

"நல்ல வேளை இழுத்துப் போட்டனீங்கள். அந்த எண் மனிசருக்கு இல்லை, தம்பி." குளிர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அவர் எடுத்தது மரத்தின்ர நித்திரை. மூண்டு நாள் கூட விட வேணும்."

தை மாதக் கடைசியில் மரத்தை வெளியே எடுத்தோம். முதல் இரண்டு நாளும் நிழல், பிறகு பாலையூற்று வளவு. பத்து நாளில் எனக்குப் போன் வந்தது. "வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். இலை என்பதே இல்லாத காய்ந்த குச்சிகள் முழுக்க இளஞ்சிவப்புப் பூ. எங்கள் ஊர் வெயிலில், முருங்கைக்கும் தென்னைக்கும் நடுவில், அது வேறெங்கேயோ நிற்க வேண்டியது இடம் மாறி வந்து நிற்பதுபோல இருந்தது. அயலட்டைப் பிள்ளைகள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வளவில் வேறு பூக்களில் மொய்த்த தேனீ இதன் பக்கம் வரவில்லை. மிஸி ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, பூவுக்குப் பூ தொட்டு மகரந்தம் வைத்தார்.

அந்த நாட்களில் எனக்கு அவர்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமிருந்தால் பாலையூற்றுக்குப் போவேன். தேத்தண்ணி தருவார். மரத்தின் நடுவை வெறுமையாக விட்டு, கிளைகளைச் சுற்றிவர விரித்து வெட்டியிருந்தார். துஆக் கேட்க ஏந்திய கை போல இருந்தது. "போன வருசம் விட்ட குச்சியிலதான் காய்க்கும். பழைய குச்சியில காய்க்காது. அதால வெட்ட வேணும்," என்பார். பதினைந்து பிஞ்சு வந்தது. ஒரு சாணுக்கு ஒன்றை விட்டு மற்றதையெல்லாம் நகத்தால் கிள்ளி எறிந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. "எல்லாத்தையும் விட்டால் எல்லாம் கொட்டைதான், தம்பி," என்றார். மிஞ்சியவற்றில் இரண்டு வெக்கையில் உதிர்ந்தன. மூன்றைக் காயம் கட்டும் மெல்லிய துணியால் சுற்றிக் கட்டினார்.

ஆனி மாதம் ஒன்றை ஆலைக்குக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் வைக்காமல் பஞ்சின்மேல் வைத்துக் கொண்டுவந்தார். விரல் பட்டால் அந்த இடம் மறுநாள் கறுத்துவிடும், கைரேகைகூடத் தெரியும் என்றார். தோல் பால் நிறம், ஒரு பக்கம் மட்டும் கன்னம் சிவந்ததுபோல. வெட்டினால் உள்ளே வெள்ளை, கொட்டையைச் சுற்றிச் சிவப்பு நரம்பு. புளிப்பே இல்லை. வாயில் வைத்ததும் றோசாப்பூ மணம் மூக்குக்குள் ஏறியது. றவூப் காக்கா தன் துண்டைத் தின்னாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொட்டையைத் தாங்கோ," என்று மிஸி கையை நீட்டினார். "உள்ளுக்குப் பருப்பு நஞ்சு. பிள்ளையள் உடைச்சுத் திண்டாலும்." கொட்டையைச் சின்ன மருந்துப் போத்தலில் போட்டு மூடினார். அந்தப் போத்தலில் அதற்கு முதலே நாலைந்து கொட்டை கிடந்தது. எந்த மரத்துக் கொட்டைகள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மார்கழியில் மரம் திரும்பக் குளிர் அறைக்கு வந்தபோது எங்கள் வீட்டில் வாப்பா படுக்கையில் இருந்தார். வயிற்றில் புற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கொடுத்த குளிசை நோவை அடக்கவில்லை. ஆறு நாளாக ஒரு கண்ணும் மூடவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துப் பிடித்து அவருடைய நகம் இரண்டு பிய்ந்துபோயிருந்தது. உம்மா அவர் பக்கத்திலேயே இருந்து காய்ந்துபோனா.

நான் மிஸியிடம் சொன்னேன். அன்றைக்கே என்னோடு பஸ் ஏறினார்.

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது கேட்டார். "எத்தினை மணித்தியாலம் வேணும், தம்பி?"

"நோகாமக் கிடந்தாப் போதும், மிஸி."

"அது எண் இல்லை."

என்ன எண் சொல்வது? எட்டு என்றால் எட்டு மணித்தியாலம் கழித்து அவர் திரும்ப அந்தக் கட்டில் சட்டத்தைப் பிடிப்பார். நாற்பது என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் கேற்றடியில் யாரோ கூப்பிட்டார்கள். வாப்பாவைப் பார்க்க வந்த பள்ளிவாசல் ஆட்கள். அவர்களை இருத்தி, கதிரை போட்டு, இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு உள்ளே போனபோது மிஸி வாப்பாவின் காதிலிருந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். வாப்பாவின் கை கட்டில் சட்டத்தை விட்டிருந்தது. மூச்சு சீராக இருந்தது. உம்மா தலைமாட்டில் நின்றா.

வாப்பா அன்றிரவு தூங்கினார். மறுநாளும் தூங்கினார். அதற்கு மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகை நேரம் மூச்சு நின்றது. கண் திறக்கவேயில்லை.

மையத்தைக் குளிப்பாட்டும்போது நான் குனிந்து அவருடைய வாயை முகர்ந்தேன். வாதுமை மணம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஆனாலும் அந்தப் போத்தல் என் நினைவை விட்டுப் போகவில்லை.

ஒரு கிழமை கழித்து வேலைக்குப் போனேன். பத்து மணிக்கு மிஸி வந்தார். குளிர் அறைக்குள் அவருக்குப் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினேன்.

"வாப்பாக்கு எத்தினை குடுத்தீங்க?"

அவர் குச்சியைப் பிடித்தபடியே நின்றார். "கேட்ட அளவு."

"நான் எண் சொல்லேல்லையே."

"ஓம். நீங்கள் சொல்லேல்லை."

"அப்ப எழுப்பியிருக்கலாமே. ஒரு தரம் கண் திறந்திருந்தா நான் ஸலாம் சொல்லியிருப்பன். ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பன்."

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போவதுபோல உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டார். "என்னைக் கோவியுங்கோ, தம்பி," என்றார். "அதில பிழையில்லை."

அவர் மறுத்திருந்தால், அழுதிருந்தால், நான் அதைச் செய்திருக்கமாட்டேனோ என்னவோ. அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் பெரு மழை. பாலையூற்று றோட்டில் வெள்ளம் ஏறியது. மிஸியால் வர முடியவில்லை. முதலாளி கொழும்புக்குப் போயிருந்தார். அன்றைக்கு மரம் நித்திரைக்குப் போய் இருபத்திரண்டாம் நாள். நான் தனியாக மீன் தள்ளுவண்டியைக் கொண்டுபோய்ப் பீப்பாயை ஏற்றி, முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். போர்வையை இழுத்து உருவினேன். ஒரு கிளை துணியில் மாட்டி முறிந்தது. மழை விட்டு வெயில் சுட்டது. நாலு நாள் அது அங்கேயே நின்றது. றவூப் காக்கா பார்த்தார். அந்த நாலு நாளும் அவர் அந்தப் பக்கமாக நடக்கவில்லை.

ஐந்தாம் நாள், றோட்டில் வெள்ளம் வடிந்த பிறகு, மிஸி வந்தார். மரத்தின் நுனிகளில் மட்டும் இலைக் கொத்துக் கொத்தாக வெடித்திருந்தது. கீழே முழுக்க மொட்டை. அங்கங்கே நாலு பூ, வெளிறி, இதழ் சுருண்டு, பாதி திறந்தபடி நின்றன. மீதி மொட்டுகள் தொட்டாலே உதிர்ந்தன. முறிந்த கிளையின் காயத்திலிருந்து தேன் நிறத்தில் பிசின் வடிந்து பீப்பாய் விளிம்புவரை வந்திருந்தது.

"எத்தினையாம் நாள் எடுத்தனீங்கள்?"

"இருபத்திரண்டு."

அவர் தலையாட்டினார். பிசினை விரலால் தொட்டு, நோயாளியின் கண்ணீரைத் துடைப்பதுபோலச் சேலைத் தொங்கலால் துடைத்தார். "திரும்ப உள்ளுக்கு வைக்கட்டா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அரை நித்திரையில எழும்பினதைத் திரும்பப் படுக்க வைக்க ஏலாது." அவ்வளவுதான் சொன்னார். லொறிக்காரனுக்குப் போன் எடுத்தார்.

அந்த வருசம் முழுக்க மரம் ஒழுங்காகப் பூக்கவுமில்லை, சரியாக உறங்கவுமில்லை என்று கேள்விப்பட்டேன். பங்குனியில் ஒரு கிளை பூத்ததாம், ஆடியில் இன்னொன்று. காய் பிடிக்கவில்லை. அடிமரம் காய்ந்துகொண்டு வந்ததாம். அதற்குப் பிறகு கரண்ட் மணிக்கணக்காக நிற்கத் தொடங்கியது, ஆலையையும் பூட்டினார்கள்.

அவரைக் கடைசியாகக் கண்டது பஸ் நிலையத்தில். மலைநாட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார். மடியில் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி. உயிரோடிருந்த நாலைந்து குச்சியை வெட்டி எடுத்துக்கொண்டு போகிறார், அங்கே கூட வேலை செய்த ஒருத்தியின் வளவில் ஒட்டுக் கட்டப் போகிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் ஒளிந்து போகப் பார்த்தேன். கண்டுவிட்டார்.

"தம்பி, உங்களுக்கு நித்திரை வருதா?"

"வருது," என்றேன். வாப்பா போனதிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரையில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கும். என் நெற்றியைப் பார்த்தார். இரண்டு விரல் பெட்டியின் மூடிமேல் கொஞ்சம் உயர்ந்தன. நான் ஒரு அடி பின்னுக்குப் போனேன். விரல்கள் திரும்பப் படிந்துகொண்டன. பஸ் வந்தது.

போன நோன்புக்கு முதல், உம்மாவுக்குக் காய்ச்சல் கடுமையாக இருந்தது. பக்கத்தில் இருந்தேன். அனல் விட்டு வேர்த்த நேரம் உம்மா திடீரென்று கேட்டா, "அந்த மிஸி எங்க இப்ப?"

"மலைநாட்டுப் பக்கம் போயிட்டா."

"நல்ல மனிசி." உம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தா. "நீ கேற்றடிக்குப் போன நேரம் என்னட்டக் கேட்டா, எத்தினை எண்டு. எண் வேண்டாம் மிஸி, எண் சொல்லாம விடுங்க எண்டு நான்தான் சொன்னன். ரெண்டு தரம் கேட்டா. ரெண்டு தரமும் அதைத்தான் சொன்னன்."

"ஏன் உம்மா என்னட்டச் சொல்லேல்ல?"

"அவதான் சொல்ல வேண்டாம் எண்டா. மகன் என்னைக் கோவிச்சா நான் என்ர வீட்டுக்குப் போயிருவன், உங்களைக் கோவிச்சா நீங்க எங்க போவீங்க எண்டு கேட்டா."

நான் எழும்பி யன்னலடிக்குப் போய் நின்றேன். வெளியே களப்புப் பக்கமிருந்து காற்று வந்தது.

"அவ ஒரு மரம் வைச்சிருந்தாவே," என்றா உம்மா பின்னாலிருந்து. "வெள்ளைப் பழமெண்டு சொன்னா. ரெண்டாம் வருசம் நிறையக் காய்க்கும், எனக்கும் ஒண்டு கொண்டாறன் எண்டா. காய்ச்சதா?"

"ஓம் உம்மா," என்றேன். "நிறையக் காய்ச்சது."